ஆறடிக்கு மூன்றடி

அளவு ஒன்றுதான் விதி. நீளம் ஆறடி, அகலம் மூன்றடி. ஓர் ஆளைக் கிடத்தப் போதுமான இடம். அதற்குள் என்ன வைப்பது, எந்தத் துணி, எந்த நிறம், ஊசிநூலா சாயமா என்பதெல்லாம் செய்கிறவர் பாடு. நன்றாக வந்திருக்கிறதா என்று யாரும் மார்க் போடப்போவதில்லை. வந்து சேர்ந்தால் எடுத்துக்கொள்வார்கள். எட்டுத் துணிகள் சேர்ந்ததும் பன்னிரண்டடிச் சதுரமாக ஒன்றோடொன்று வைத்துத் தைத்து, சுற்றிலும் கேன்வாஸ் பட்டை அடித்து, ஓர் எண்ணும் கொடுத்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் எய்ட்ஸ் நினைவு ஒட்டுப்போர்வை இப்படித்தான் 1987 முதல் வளர்ந்து வருகிறது. அங்கே ஒவ்வொரு துணியையும் பேனல் என்கிறார்கள். இன்றைக்கு ஏறத்தாழ 50,000 பேனல்கள், 1,10,000 பேருடைய பெயர்கள், 54 டன் எடை. ஊர்மக்கள் சேர்ந்து செய்த நாட்டார் கலைப்படைப்புகளில் உலகிலேயே பெரியது என்கிறார்கள். பெருசு என்பது எனக்கு இரண்டாம்பட்சம். இரவில் வீட்டுவேலை முடிந்தபின் இணையத்தில் இதன் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது கொஞ்ச காலமாக வழக்கமாகிவிட்டது. அப்போது மனசில் படுவதை இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன்.

*

1985 நவம்பர் 27. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆண்டுதோறும் அந்த நாளில் மெழுகுவத்தி ஊர்வலம் நடக்கும். 1978-ல் அதே தேதியில் நகராட்சிக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்ட நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க், மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி இருவர் நினைவாக. அந்த ஆண்டு ஊருக்குள் எய்ட்ஸால் இறந்தவர் தொகை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஊர்வல ஏற்பாட்டில் முன்நின்ற கிளீவ் ஜோன்ஸ், வந்தவர்களிடம் அட்டைகளைக் கொடுத்து, இந்த நோயில் நீங்கள் பறிகொடுத்தவர் பெயரை எழுதுங்கள் என்றார். ஊர்வலம் முடிந்ததும் ஏணி போட்டு ஏறி, மத்திய அரசு அலுவலகச் சுவரில் அட்டைகளை ஒட்டினார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்த ஜோன்ஸுக்கு அந்தச் சுவர் பாட்டி காலத்து ஒட்டுப்போர்வையாகத் தெரிந்தது.

எந்தச் சுவர் என்பதை விட்டுவிடக் கூடாது. நோய் முதன்முதலாகப் பதிவானது 1981-ல். அதிபர் ரொனால்ட் ரீகன் அதன் பெயரைப் பொதுவெளியில் சொன்னது 1985 செப்டம்பரில். நான்கு ஆண்டுகள் அதிபர் வாயே திறக்காத ஓர் அரசாங்கத்தின் சுவரில்தான் பெயர்கள் ஏறின. ஒட்டுவதற்கு வேறு சுவர்கள் அந்த ஊரில் இல்லாமலா போயிற்று?

*

அட்டைக்கும் துணிக்கும் நடுவே ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி. 1987-ல் ஜோன்ஸ் தன் நண்பர் மார்வின் ஃபெல்ட்மனுக்காக முதல் பேனலைச் செய்தார். ஜூனில் மைக் ஸ்மித்தும் இன்னும் சிலரும் சேர, நேம்ஸ் புராஜெக்ட் என்ற அமைப்பு உருவானது. மார்க்கெட் தெருவில் ஒரு கடையைப் பிடித்தார்கள். தையல் மெஷின்கள் தானமாக வந்தன. துணியும் நூலும் வந்தன. ஆட்களும் வந்தார்கள், பாதிப்பேருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. சிலர் தாங்களே நோயாளிகள். ஒருவருக்காகத் தைக்க வந்தவருக்கு அடுத்த ஆண்டு வேறு யாரோ தைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடையை நான் நிறைய நேரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். துக்கத்தில் இருக்கிறவருக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். நம் சாவு வீடுகளில் இதற்கு வகை செய்து வைத்திருக்கிறார்கள். பந்தல் போட ஒருவர், தண்ணீர் எடுக்க ஒருவர், சொல்லிவிட ஒருவர், கோடித்துணி வாங்க ஒருவர். யாரும் சும்மா இருக்க முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்த ஆண்டுகளில் இறந்த பலருக்குச் சாவு வீடு என்ற ஒன்றே அமையவில்லை. உடலைத் தொட மாட்டோம் என்று இறுதிச்சடங்கு நிறுவனங்கள் பல மறுத்தன. பெற்றோர் சிலர் வரவே இல்லை. வந்த சிலர், மகனோடு பத்து வருஷம் குடும்பம் நடத்தியவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உடலை எடுத்துப்போனார்கள். வெளியே நின்றவன் எங்கே போவான்? அவனுக்குக் கொடுப்பதற்கு ஆறடித் துணியும் ஒரு மெஷினும் அந்தக் கடையில் இருந்தன.

*

என்னென்ன பொருள் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. ஜீன்ஸ், சரிகை, லேஸ், தோல், சாக்குத்துணி, இறகு, கவ்பாய் பூட்ஸ், கார் சாவி, கல்யாண மோதிரம், கிரெடிட் கார்டு, கரடிப் பொம்மை, பார்பி, லீகோ, காதல் கடிதம், டி-ஷர்ட், சாரணர் பேட்ஜ், ஷாம்பெயின் கிளாஸ், அஸ்தி.

அஸ்தியில் வந்ததும் நின்றுவிட்டேன். பட்டியலில் அது ஏதோ ஒரு பொருளாகப் பூட்ஸோடும் கிரெடிட் கார்டோடும் சேர்ந்து கிடக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்றும் பட்டது.

*

செய்கிறவர்களுக்கு அவர்கள் கொடுக்கும் யோசனைகள் ஒரு நல்ல தையல்காரர் பேச்சு மாதிரி இருக்கின்றன. இழுத்தால் நீளாத, நடுத்தரக் கனமான துணி எடுத்துக்கொள்ளுங்கள், பாப்ளின் மாதிரி. ஓரம் மடித்து அடிக்க நாலு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூட விடுங்கள். பசை நாளடைவில் காய்ந்து விட்டுப்போகும், தைத்துவிடுவது நல்லது. பலமுறை மடித்துப் பிரிக்கப் போகிறோம், அதைத் தாங்குகிற மாதிரி செய்யுங்கள். கூடவே அவரைப் பற்றி ஒரு கடிதமும், இருந்தால் ஒரு போட்டோவும் அனுப்புங்கள்.

சோகம், நினைவு, அஞ்சலி என்ற சொற்களைவிட இந்த வரிகள்தான் என்னை உலுக்குகின்றன. மடித்தால் தாங்க வேண்டும், பசை உதிரும், ஓரம் விடு. நாற்பது வருஷம் கழித்தும் இது இருக்கும், இருக்க வேண்டும் என்ற முடிவோடு பேசுகிற பேச்சு. அந்த முடிவை எடுத்தவர்களில் பலருக்கு அடுத்த கோடை வரை இருப்போமா என்பதே நிச்சயமில்லை.

*

ஒரே ஆளுக்கு இரண்டு பேனல்கள் உண்டு. மூன்றுகூட உண்டு. வீட்டார் ஒன்று, கூட வாழ்ந்தவர் ஒன்று, கூட வேலை பார்த்தவர்கள் ஒன்று. ஒன்றில் முழுப்பெயரும் பிறந்த தேதியும் தேவாலயச் சிலுவையும் இருக்கும். இன்னொன்றில் செல்லப்பெயர் மட்டும் இருக்கும். எது சரியான பேனல் என்று அமைப்பு கேட்பதில்லை. எல்லாம் உள்ளே வரும்.

கலைக்கூடங்களில் காட்சிக்கு வைப்பவர் தேர்ந்தெடுக்கிறார். எதை நீக்கினார் என்பதில்தான் அவருடைய திறமை. இங்கே நீக்குவதே கிடையாது. அழகானது, கோணல்மாணலானது, எழுத்துப்பிழை உள்ளது, கண்ணைப் பறிப்பது, வெறும் வெள்ளைத்துணியில் பேனாவால் ஒரு பெயர் மட்டும் எழுதியது எல்லாம் ஒரே அளவில், ஒரே மதிப்பில். தத்துவவாதி ஃபூக்கோவுக்கு ஒன்று, நடிகர் ராக் ஹட்சனுக்கு ஒன்று, பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கு ஒன்று. அவர்களுடையதும் ஆறடிக்கு மூன்றடிதான். இதைக் கலையென்று சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. எனக்குத் தயக்கமில்லை. அளவைத் தீர்மானித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டதைப் பெரிய கலைஞரின் காரியமாகத்தான் நினைக்கிறேன்.

*

ராய் கோன். செனட்டர் மக்கார்த்தி காலத்தில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய குழுவின் வக்கீல். ஒருபாலீர்ப்பாளர்களை அரசாங்க வேலையிலிருந்து விரட்டியடித்ததில் அவருக்கும் பங்குண்டு. அவரும் ஒருபாலீர்ப்பாளர். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, கல்லீரல் புற்றுநோய் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 1986-ல் எய்ட்ஸால் இறந்தார். அவருக்கும் யாரோ ஒருவர் பெயர் போடாமல் ஒரு பேனல் அனுப்பினார். அதில் அவர் பெயரோடு மூன்று சொற்கள். தமிழில் சொன்னால்: கொடுமைக்காரன், கோழை, பலியானவன்.

அதையும் தைத்தார்கள்.

முதல் இரண்டு சொற்களை எழுதிய கை மூன்றாவதை எழுதுவதற்குமுன் எவ்வளவு நேரம் நின்றிருக்கும்? வெறுப்பு முதல் இரண்டோடு தீர்ந்திருக்கலாம். அப்படித் தீர்ந்திருந்தால் அதற்காக ஆறடித் துணி வெட்டி உட்கார்ந்திருக்க மாட்டார். பகையாளிக்கு ஒரு துணியைச் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. செய்தவர் ஒருவர் இருந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

*

1987 அக்டோபர் 11, வாஷிங்டன். நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே உள்ள புல்வெளி. விடியும்போது விரித்தார்கள், 1,920 பேனல்கள். அன்றைக்கு நாட்டில் இந்த நோயால் இறந்தவர்கள் 20,000-க்கும் மேல். அந்த வார இறுதியில் பார்க்க வந்தவர்கள் ஐந்து லட்சம் பேர்.

விரிக்கும் முறையை வீடியோவில் பார்த்தேன். சதுரம் முழுவதும் தாமரை மொட்டு மாதிரி மடித்து நடுவில் வைக்கப்பட்டிருக்கும். வெள்ளை உடுப்பில் எட்டுப் பேர் சுற்றி நிற்பார்கள். நான்கு பேர் குனிந்து நான்கு முனைகளைப் பின்னுக்கு இழுப்பார்கள். பிறகு மற்ற நான்கு பேர். எல்லா மடிப்பும் பிரிந்ததும் எட்டுப் பேரும் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவார்கள். காற்றில் துணி ஒருமுறை உப்பும். அப்படியே திருப்பித் தரையில் இறக்குவார்கள். யாரும் பேசுவதில்லை. ஒலிபெருக்கியில் பெயர்கள் மட்டும் வாசிக்கப்படும், ஒன்றன்பின் ஒன்றாக, விளக்கம் எதுவும் இல்லாமல். வாசிக்கிறவர் தன் பட்டியல் முடியும்போது தன்னுடைய ஆளின் பெயரைச் சொல்வார். அங்கே குரல் உடையும்.

பார்க்க வருகிறவர்களும் சும்மா பார்த்துவிட்டுப் போக வேண்டியதில்லை. நடுவே வெற்றுத்துணி ஒன்று விரித்து மார்க்கர் பேனாக்கள் வைத்திருப்பார்கள், எழுதுகிறவர் எழுதலாம். 1988-ல் 20 ஊர்களுக்குக் கொண்டுபோனபோது ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் துணிகளோடு வந்து நின்றார்கள். நான்கே மாதத்தில் பேனல்கள் 6,000-ஐத் தாண்டின. பார்வையாளராக வந்தவர் அடுத்த ஊரில் விரிக்கும்போது செய்தவராகிவிட்டார். 1996 அக்டோபருக்குப் பிறகு முழுப்போர்வையையும் ஓரிடத்தில் விரிக்க முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போதிருப்பதை விரிக்க, நடைபாதையைச் சேர்க்காமலே, 20 ஏக்கருக்கு மேல் வேண்டும். ஒரு பேனலுக்கு ஒரு நிமிடம் என்றால் தூங்காமல் 34 நாளுக்கு மேல்.

*

எல்லாருக்கும் இந்தப் போர்வை பிடிக்கவில்லை. அவர்கள் சொன்னதையும் எழுதி வைக்க வேண்டும்.

1987 மார்ச்சில் நியூயார்க்கில் ஆக்ட் அப் என்ற அமைப்பு பிறந்தது. மருந்தின் விலைக்காக, ஆராய்ச்சி தாமதத்துக்காக, தெருவில் படுத்துப் போராடியவர்கள். அழுவதற்கு நேரமில்லை, இருக்கிறவர்களைக் காப்பாற்றுவதைப் பாருங்கள் என்பது அவர்களில் பலருடைய கட்சி. இந்தச் சாவுகளைப் பூவேலைப்பாட்டோடு அழகாக்கிக் காட்டினால் கொன்றவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்றார்கள். 1992 அக்டோபரில் வாஷிங்டனில் போர்வை விரிந்து கிடந்த அதே நாட்களில், அவர்கள் தங்கள் சிநேகிதர்களின், காதலர்களின் அஸ்தியைக் கையில் ஏந்தி ஊர்வலமாகப் போய், வெள்ளை மாளிகை வேலிக்கு மேலாக அந்தப் புல்வெளியில் வீசினார்கள். துணிக்குள் வைத்துத் தைத்த அஸ்தி ஒரு பக்கம், அதிபர் வீட்டு முற்றத்தில் எறிந்த அஸ்தி இன்னொரு பக்கம். நடுவே சில நிமிட நடை.

டக்ளஸ் கிரிம்ப் என்ற விமர்சகர் 1989-லேயே, துக்கம் கொண்டாடுவதையும் போராடுவதையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம் என்று எழுதினார். படித்தபோது நிம்மதியாக இருந்தது. என்றாலும் எறிந்தவர்கள் சொன்னதில் பாதி உண்மையென்றே இன்றும் நினைக்கிறேன். துணி மென்மையானது. மென்மையைக் காட்டினால் அதிகாரத்தில் இருக்கிறவர்கள் மென்மையை மட்டும் ரசித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதிபரும் மனைவியுமாக வந்து பார்த்தது 1996-ல், கிளின்டன் காலத்தில். அதற்குள் எத்தனை பெயர்கள் சேர்ந்துவிட்டன.

இன்னொரு குறையும் சொன்னார்கள். பெயர்களில் பெரும்பாலானவை வெள்ளை ஆண்களுடையவை. அதே நேரத்தில் கறுப்பினத்தார் கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். தைக்க நேரமும், சொல்லத் துணிவும், கேட்க ஒரு அண்டைவீடும் எல்லாருக்கும் சமமாக வாய்க்கவில்லை. பிற்பாடு, என் பெயரைச் சொல் என்று பொருள்படும் தலைப்பில், கறுப்பினத்தவர் தங்கள் வீட்டு ஆட்களுக்குப் பேனல் செய்யும் பட்டறைகளை நடத்தினார்கள். எல்லாரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் போதாது, போய்க் கூப்பிடவும் வேண்டும் என்று அமைப்பினருக்குப் பட்டிருக்கிறது.

*

நம் ஊர்ப்பக்கம் வருகிறேன். வராமல் இருக்க முடியவில்லை.

இந்தியாவில் இந்த நோயின் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986-ல். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் இரத்தம் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேருக்கு இருந்தது தெரிந்தது. கண்டுபிடித்த இருவர் பெயரும் வரலாற்றில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். அந்த ஆறு பெண்கள் ஆறு மாதிரிகளாக மட்டும் இருக்கிறார்கள்.

அதன்பிறகு வந்த வருஷங்களை எண்ணிப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் இந்த நோயோடு சேர்த்து ஊருலகத்துக்கே தெரிந்த பெயர் ஒன்றுதான்: புள்ளிராஜா. 2000-களின் தொடக்கத்தில் சுவரெங்கும், பஸ் பின்னாலெங்கும் அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டார்கள். அந்த விளம்பரம் ஒரு பேச்சைத் தொடங்கி வைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அவன் கற்பனை ஆள். ஆயிரக்கணக்கில் நிஜமாக இறந்தவர்களில் ஒருவர் பெயரும் எந்தச் சுவரிலும் ஏறவில்லை.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். ரிக் வண்டிகள் கிளம்பிப்போகிற ஊர். ஆழ்துளைக் கிணறு போட ஆந்திரா, மகாராஷ்டிரா என்று போகிற ஆண்கள் மாதங்கள் கழித்து வருவார்கள். எங்கள் தெருவில் அப்படிப் போய்வந்துகொண்டிருந்த ஒருவர் மெலிந்துகொண்டே வந்தார். டி.பி. என்றார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இறந்த அன்று பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். குளிப்பாட்டவில்லை. தப்புச் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் அவருடைய பாய், தலையணை, சட்டைகள், லுங்கி, பனியன், துண்டு எல்லாவற்றையும் குச்சியால் தள்ளித் தள்ளி ஒரு சாக்கில் போட்டு, ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். துணியில் ஒட்டிக்கொண்டு வரும் என்று பயம். துணி வழியாக இந்த நோய் வராது. அன்றைக்கு எங்கள் தெருவில் அதைச் சொல்ல ஆளில்லை.

அதே வருஷங்களில் உலகத்தின் இன்னொரு மூலையில், ஒரு தாய் மகனுடைய சட்டையைக் கத்தரித்துப் பாப்ளின் துணிமேல் வைத்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவளும் பயந்திருப்பாள். அக்கம்பக்கத்தார் அவளையும் விட்டு விலகியிருப்பார்கள். அவளிடம் போட்டுவைக்க ஒரு இடம் இருந்தது.

*

ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு, அதையும் பார்க்க வேண்டும். பெயரைச் சொன்னால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள், மகளைக் கேட்டு வர மாட்டார்கள், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்றால் மறைப்பது கோழைத்தனம் ஆகாது. பெயரை வெளியிடக் கூடாது என்று நம் நாட்டில் 2017-ல் சட்டமே வந்தது, அது வேண்டிய சட்டம்தான். இறந்தவரை மதிக்கப்போய் இருக்கிறவரைத் தெருவில் நிறுத்திவிடக் கூடாது.

போர்வையிலும் இதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். இனிஷியல் மட்டும் உள்ள பேனல்கள் இருக்கின்றன. முதல் பெயர் மட்டும், செல்லப்பெயர் மட்டும் உள்ளவை இருக்கின்றன. அம்மா அப்பா சம்மதிக்கவில்லை என்பதற்காகப் பாதிப் பெயரோடு நிற்பவையும் உண்டு. பாதிப் பெயருக்கும் முழு ஆறடி.

*

கெர்ட் மெக்மல்லின் 1987-ல் அந்த மார்க்கெட் தெருக் கடைக்குத் தன் சிநேகிதர்களுக்காகப் பேனல் செய்யப் போனார். திரும்பி வரவில்லை என்றே சொல்ல வேண்டும், அங்கேயே தங்கிவிட்டார். போர்வையின் தாய் என்று அவரைச் சொல்கிறார்கள். 2001-ல் போர்வை அட்லாண்டாவுக்குப் போனபோது கூடவே போனார். 2020-ல் அது சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் திரும்பியபோது கூடவே திரும்பினார். நைந்த ஓரத்தை மாற்றுவது, விட்டுப்போன தையலை மறுபடி போடுவது, பிரிந்த எழுத்தைப் பிடித்து வைப்பது இதெல்லாம் அவர் வேலை. திரும்பி வந்த கொஞ்ச நாளில் கோவிட் வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கினார்கள். போர்வை வேலைக்கென்று வாங்கி மீந்திருந்த துணிகளை எடுத்து அவர் முகக்கவசம் தைக்க ஆரம்பித்தார்.

பேனல்களோடு வந்த கடிதங்களும் போட்டோக்களும் இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். 2024 டிசம்பர் 1 அன்று வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் போர்வையின் ஒரு பகுதியை முதல்முறையாக விரித்தார்கள். 1992-ல் அஸ்தி எறிந்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் அதைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள்?

பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒருவர் அனுப்பிய பேனல் ஒன்றை இன்னும் எதோடும் சேர்த்துத் தைக்காமல் வைத்திருக்கிறார்கள். அதில் பெயர் கிடையாது. இதுதான் கடைசி என்ற பொருளில் எழுதியிருக்கிறது. நோய் ஒழிகிற அன்றைக்குத் தைப்பதற்காக. அதற்கு முன்னால் தைக்க வேண்டியவை இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

*

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ரிக் வண்டிக்குப் போனவருடைய அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறார். எழுபதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து கல்லக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் உரித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் செல்போனில் படங்களைக் காட்டினேன். பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"இதெல்லாம் அந்த நோவுல போனவங்களா கண்ணு?"

"ஆமாங்க்கா. வீட்டு ஆளுங்களே தெச்சு வெச்சிருக்காங்க."

"எத்தாப்பெரிய துணி?"

"ஆறடி நீளங்க்கா. மூணடி அகலம்."

"நாலு மொழ வேட்டி நீளம்" என்றார். பிறகு ரொம்ப நேரம் கடலை மட்டும் உடைந்துகொண்டிருந்தது.

"உங்க தம்பிக்கு ஒண்ணு செய்யலாமாங்க்கா? நான் தெக்கறேன். நோவப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாங்க. பேர் போடறதும் போடாததும் உங்க இஷ்டந்தான். இங்கயே நம்மகிட்டயே இருக்கட்டும்."

"பேர் போடோணும்" என்றார் உடனே. "பூராப் பேரும் போடு. அப்பா பேரையும் சேத்தி. அவன் என்ன திருடுனானா, கொள்ளையடிச்சானா?"

சட்டை துண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்து, ஏரிக்கரை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். அவரே சொன்னார்.

"துணிமணி ஒண்ணுங்கூட உடல. கபடியில ஜெயிச்ச கப்பு ஒண்ணு இருக்குது. பித்தளை, அது எரியாதுன்னு உட்டுட்டாங்க. பரண்மேல கெடக்குது. அதத் துணியில வெச்சுத் தெக்க முடியுமா?"

"கனமா இருக்குங்களேக்கா. மடிச்சா துணி கிழிஞ்சிரும். படமா வெட்டி ஒட்டுத்தையல் போட்டரலாங்க."

"அப்பச் சரி. மஞ்சத் துணியில வெட்டு, பித்தளை நெறம் வரும். ரெண்டு பக்கமும் காது வெச்ச கப்பு அது. ஒரு காதோட வெட்டிப்போட்டு கப்புன்னு சொல்லிராத. இரு, எறக்கிட்டு வரச் சொல்றேன், பாத்து அளவெடுத்துக்க."